ஆணியில தொங்குன டோக்கன்

எனக்குக் கோவம் வரும். ஊருக்கே தெரியும், உங்களுக்கும் மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா தப்பு எம்மேல இருந்துச்சுன்னா மன்னிப்புக் கேக்க நான் கூச்சப்படவே மாட்டேன். விநாயக் கிட்ட கேட்டேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அந்த மூணும் தான் இப்ப எனக்கு வயித்தெரிச்சல்.

எம் பேரு ஷோபா. வீடு கே.ஜி.எஃப்.ல, மைன்ஸ்காரங்களுக்குக் கட்டுன பாலகாட் லைன்ல. விநாயக்கும் அதே லைன் தான், நாலு வீடு தள்ளி. பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சோம். அப்பால ஆறு வருசம் ஒண்ணாவே பெங்களூருக்கு வேலைக்குப் போனோம். அது இன்னா பொழப்புனு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்குச் சொல்றேன். நாலு மணிக்கு எழுந்து மாரிகுப்பம் வண்டியப் புடிக்கணும். போவ ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம், பாதி நாளு நின்னுக்கினே. ஞாயித்துக்கிழம மட்டும் தான் எங்கம்மா மூஞ்சிய வெளிச்சத்துல பாப்பேன்.

ஒரு நாளு வண்டியில எனக்கு நெருப்பாக் காய்ச்சல். விநாயக் எழுந்து அவன் சீட்டுல என்னியக் குந்த வெச்சிட்டு, பெங்களூர் வரைக்கும் கம்பியப் புடிச்சிக்கினு நின்னான். "போதும் மே இந்தப் பொழப்பு. நம்ம ஊர்லயே ஒரு கட போடலாம்"னு சொன்னது அவன் தான். நான் இல்ல. இத்த ஞாபகம் வெச்சிக்கோங்க.

போட்டோம். ராபர்ட்சன்பேட் பஜார்ல, சிவப்பிரகாசம் அண்ணன் பாத்திரக் கடைக்குப் பின்னால ஒரு ரூமு. கம்ப்யூட்டர் ரிப்பேர் தான் தொழிலு. ஆனா எனக்குப் பைத்தியம் புடிச்சது தண்ணி கூலிங் மேல. ப்ராஸஸர்னு ஒண்ணு இருக்குது பாருங்க, கம்ப்யூட்டருக்கு மூளை, தீப்பெட்டிய விடச் சின்னது. கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல அத்த ஓட்டுறது தான் ஓவர்க்ளாக். அப்படி ஓட்டுனா தோசக்கல்லு மாதிரி காயும். நூறு டிகிரிய நெருங்குச்சுன்னா தானே வேகத்தக் கொறச்சிக்கும், இல்லாட்டி பட்டுனு அணைஞ்சிடும். ஃபேன் காத்து பத்தாது. தண்ணியச் சுத்த விட்டுத் தான் சூட்ட எடுக்கணும்.

எங்கம்மா சரோஜம்மா இருக்குதே, அது வாயி சும்மா இருக்காது. "மனுசனுக்கே பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா தான் கொழாயில தண்ணி வருது. இவ பொட்டிக்குத் தண்ணி காட்டுறா"னு தெருவுல எல்லாரு கிட்டயும் சொல்லிக்கினு திரியும். ஒரு லிட்டரு தான்மா, அதுவும் பேட்டரிக்கு ஊத்துற தண்ணி, அதயே தான் திருப்பித் திருப்பிச் சுத்துதுன்னா கேக்காது.

இந்த வருசம் மார்ச்சுல பெங்களூர்ல இருந்து ஒரு அனிமேஷன் ஸ்டூடியோக்காரங்க கூப்ட்டாங்க. அங்க மெஷினெல்லாம் ரூபா மேடம் பொறுப்பு. இருபத்திநாலு மெஷினு, எல்லாம் ஓவர்க்ளாக், ராப்பகலா ஓடுது, எல்லாம் சூட்டுல திணறுது. "எந்த முறை நல்லதுன்னு நீங்களே ஒப்பிட்டுக் காட்டுங்க. ஒரே ப்ராஸஸர், ஒரே வேகம், ஒரே நாள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம். எது ஜெயிக்குதோ அதத் தான் போடுவேன்"னு சொன்னாங்க மேடம்.

மூணு முறைய எடுத்துக்கினோம். ஒண்ணு, ரெடிமேட். பம்ப்பு, ரேடியேட்டர், தண்ணி எல்லாம் சீல் வெச்சே வரும். நாலு ஸ்க்ரூ போட்டா வேல முடிஞ்சுது. கெட்டுப்போனா மொத்தமாத் தூக்கிக் குப்பையில போடணும். ரெண்டு, நான் கட்டுற லூப்பு. பம்ப்பு தனி, தொட்டி தனி, ரேடியேட்டர் ரெண்டு, காப்பர் பைப்ப நானே வளைச்சுப் போடுவேன். பொறுமையாக் காத்த வெளியேத்தணும், வருசத்துக்கு ஒருக்காத் தண்ணி மாத்தணும். வேல இருக்குது, ஆனா உசுரோட இருக்கும். மூணு, என்னோட கொழுப்பு. கட பின்னால தரைக்குக் கீழ இருக்கற சம்ப்புல பைப்பச் சுருட்டி எறக்கி, சூட்ட அந்தத் தண்ணியில விடுறது.

ஒத்திகையில இன்னா வந்துச்சு தெரியுமா? ரெடிமேட் எண்பத்தெட்டு டிகிரி. என் லூப்பு எழுபத்திநாலு. சம்ப்பு அறுபத்தொண்ணு! ஆனா சம்ப்புல தண்ணி இருந்தாத் தானே? ஒரு வாரம் கழிச்சு சம்ப்பு காலியாச்சு, சூடு தொண்ணூத்தஞ்ச தொட்டுச்சு. விநாயக் விழுந்து விழுந்து சிரிச்சான். "கே.ஜி.எஃப்.ல தண்ணிய நம்பி மெஷின் ஓட்டுற ஒரே ஆளு நீ தான் மே"ன்னான். நானும் சிரிச்சேன். அது விளையாட்டுக்கு, ஸ்டூடியோக்குள்ள சம்ப்பா வெட்ட முடியும்? நெஜப் போட்டி என் லூப்புக்கும் ரெடிமேடுக்கும் தான்.

என் லூப்பு ஜெயிச்சா இருபத்திநாலையும் நாங்க கட்டித் தரணும், மூணு வருசம் நாங்களே பராமரிக்கணும். கட நிக்கும். அந்த விடிகால வண்டிய நான் ஏற வேணாம். ரெடிமேட் ஜெயிச்சா ஸ்டூடியோக்காரங்க பெங்களூர் டீலர் கிட்ட நேராவே வாங்கிப்பாங்க. எங்கள யாருக்கு வேணும்? கட மூட வேண்டியது தான். எனக்கு இருந்த கவல இந்த ஒண்ணு தான்.

இப்ப டோக்கன் கதைக்கு வரேன்.

எங்க நைனா காத்தவராயன் பாலகாட் மைன்ஸ்ல இருபத்தேழு வருசம் எறங்குனது. நம்பர் ஆயிரத்து நூத்து எண்பத்தாறு. ஷிஃப்ட்டுக்குப் போறப்போ பித்தளை டோக்கனப் போர்டுல ஆணியில மாட்டிட்டு தான் கீழ எறக்குற கூண்டுல, கேஜ்ல ஏறணுமாம். மேல வந்தா எடுத்துக்கணும். டோக்கன் தொங்குதுன்னா ஆளு கீழ இருக்கான். அவ்ளோ தான், வேற பேச்சே இல்ல. ஏதாவது ஆச்சுன்னா டோக்கனப் பாத்து தான் தேடப் போவாங்க. அதனால ஒருத்தன் டோக்கன இன்னொருத்தன் தொட மாட்டான். குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கறவன் கூடத் தொட மாட்டான்னு நைனா சொல்லும். மைன்ஸ மூடுனப்போ நைனா டோக்கன வீட்டுக்கு எடுத்துக்கினு வந்துடுச்சு. விநாயக்கோட நைனாவும் அப்படியே.

கட போட்ட புதுசுல விநாயக் ஒரு நாளு தனியா மெஷின ஓட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டான். பைப்பு கழண்டு தண்ணி பீச்சி, போர்டு கருகிப்போச்சு. நான் கத்துன கத்துல சிவப்பிரகாசம் அண்ணன் பாத்திரத்தப் போட்டுட்டு ஓடி வந்தாரு. அன்னிக்கு வெச்சோம் சட்டம். செவுத்துல ஒரு பலக, ரெண்டு ஆணி. ரெண்டு டோக்கனும் தொங்குனாத் தான் மெஷின ஓட்டணும். வெளிய போனா டோக்கன எடுத்துக்கினு போவணும். ஒரு டோக்கன் இல்லன்னா ஸ்விட்சத் தொடக்கூடாது. மூணு வருசம் ஒரு நாளு கூட இந்தச் சட்டம் தப்புனதில்ல.

ரூபா மேடம் கடைய வீடியோ கால்ல பாத்தப்போ அந்தப் பலகையப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன். ரொம்பப் புடிச்சிப் போச்சு அவுங்களுக்கு. "அப்ப ஒவ்வொரு டெஸ்டுக்கும் ரீடிங்கோட அந்த ரெண்டு டோக்கனும் சேர்ந்து தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. ரெண்டு பேரும் பாத்தீங்கன்னு எனக்கு அது போதும்"னாங்க. எனக்குப் பெருமையில தலை கூரையில இடிச்சுது.

அந்த வாரமே விநாயக், "மேடம் பாக்கப் போறாங்க, டோக்கன் கருத்துப் போயிருக்கு. பெங்களூர்ல பாலீஷ் போட்டு எடுத்தாரேன்"னு ரெண்டையும் வாங்கிக்கினு போனான். ரெண்டு நாள்ல தங்கமாட்டம் மின்ன வெச்சுக் குடுத்தான். எங்கம்மா நைனா டோக்கனக் கண்ணுல ஒத்திக்கினுச்சு. "விநாயக்கு நல்ல புள்ள"ன்னுச்சு.

டெஸ்டு எந்த நாளுன்னு பேசுனப்போ, "வியாழக்கிழம வெச்சிக்கலாம்"னான் விநாயக். "டேய், அன்னிக்கு நம்ம லைனுக்குத் தண்ணி வந்தா நான் ஓடணுமே. அம்மாவால பைப்பு இழுக்க முடியாது"ன்னேன். "வால்வுமேன் ஆர்தர் அண்ணனக் கேட்டுட்டேன் மே. சனிக்கிழம தான் தண்ணி. நீ நிம்மதியா இரு"ன்னான். நிம்மதியா இருந்தேன். இருந்தேனே!

வியாழக்கிழம காலையில எட்டுக்கு ரெடிமேட ஓட்டுனோம். எண்பத்தேழு. ரெண்டு பேரும் பாத்தோம், போட்டோ எடுத்தோம். ஒம்போதே காலுக்கு சம்ப்பு. தண்ணி பாதி தான் இருந்துச்சு, அறுபத்தாறு. போட்டோ. அப்பால என் லூப்ப மாட்டுனேன். பைப்பத் தட்டித் தட்டி, மெஷினச் சாய்ச்சுச் சாய்ச்சு, கடைசிக் காத்துக் குமிழி வரைக்கும் வெளியேத்துனேன். பதினொண்ணரை இருக்கும். ஃபோன் அடிச்சுது. அம்மா. "அடியே, தண்ணி வந்துடுச்சுடி! ஜல்தி வாடி, பக்கத்து வீட்டுக்காரி மோட்டாரப் போட்டு மொத்தத்தையும் இழுத்துக்கறா!"

உங்க ஊர்ல தண்ணி தெனமும் வரும்னா உங்களுக்கு இது புரியாது. எங்க ஊர்ல தண்ணி வந்துடுச்சுன்னா எழவு வீட்டுல இருந்து கூட எழுந்து ஓடுவோம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. விநாயக் பின்பக்கம் சம்ப்புல பைப்பச் சுருட்டிக்கினு இருந்தான். ஃபேனெல்லாம் முழு வேகத்துல இரைஞ்சிக்கினு இருந்துச்சு. "டேய், தண்ணி வந்துடுச்சாம், போய்ட்டு வரேன், நிறுத்தி வை!"னு ஒரு கத்து கத்திட்டு ஸ்கூட்டரக் கெளப்பிட்டேன்.

வீட்டுல மூணு ட்ரம்மு, எட்டுக் கொடம், ரெண்டு அண்டா. பைப்ப வாயால உறிஞ்சி, ட்ரம்முக்குள்ள தலைய வுட்டு, பக்கத்து வீட்டுக்காரி கங்கம்மாக்கா கூட ஒரு சண்டையும் போட்டு, ஒரு மணிக்கு எல்லாத்தையும் நெரப்புனேன். சட்ட பேன்ட்டு எல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. அப்படியே கடைக்கு ஓடுனேன்.

உள்ள நொழைஞ்சா விநாயக் தலையில கைய வெச்சிக்கினு குந்தியிருக்கான். தனியா மாட்டுன சூட்டு மீட்டர் தொண்ணூத்தெட்டுல நிக்குது. மெஷின் அணைஞ்சு கெடக்குது.

"இன்னாடா ஆச்சு?"

"உன் லூப்பு ஊத்திக்கிச்சு மே. அம்பதாவது நிமிசத்துல கட் ஆயிடுச்சு. காத்து அடைச்சிருக்கும் போல."

"அடப்பாவி, நான் இல்லாம நீ ஏன்டா ஓட்டுன? நிறுத்தி வைனு கத்திட்டுத் தானே போனேன்?"

"நீ வெளிய போனியா? எங்க போன?" அவன் கண்ணு அப்படி விரிஞ்சுது. "ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மே. நான் பலகையப் பாத்தேன், உன் டோக்கன் தொங்குச்சு. பின்னால சம்ப்பு கிட்ட இருப்பேன்னு நெனச்சிக்கினு ஓட்டிட்டேன். போட்டோவும் மேடத்துக்குப் போயிடுச்சு."

திரும்பிப் பாத்தேன். பலகையில ரெண்டு டோக்கனும் தொங்குது. ஆயிரத்து நூத்து எண்பத்தாறு, பளபளன்னு.

எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. கை அந்த ஆணிக்குப் போனது ஞாபகம் இருந்துச்சு. மூணு வருசமாத் தெனமும் பண்ற வேல, செருப்பு மாட்டுற மாதிரி அது தானா நடக்கும். ஆனா டோக்கன் அங்க தொங்குதே? டோக்கன் தொங்குனா ஆளு உள்ள. அப்படித் தானே வளந்தோம்? என் ஞாபகத்த நான் நம்பல, டோக்கன நம்பிட்டேன். ஓடுற அவசரத்துல எடுக்க மறந்துட்டேன், சட்டத்த மீறுனது நான் தான்னு அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டேன்.

"தப்பு எம்மேல தான்டா. ஸாரிடா"ன்னேன். அது மொத தடவ.

"விடு மே"ன்னான்.

அப்பவே லூப்ப மறுபடி ஓட்டிப் பாத்தேன். எழுபத்திமூணு. எழுபத்திமூணுங்க! "பாருடா, காத்து போயிடுச்சு, இப்பச் சரியா இருக்குது. மேடத்துக்கு இத்தச் சொல்லலாம்"னேன். அவன் மெதுவாத் தான் பேசுனான். "இன்னா சொல்வ? லூப்பு போட்டோ எடுத்தப்ப நான் அங்க இல்ல, டோக்கன் மட்டும் தான் இருந்துச்சுன்னு சொல்வியா? அப்பால எந்தப் போட்டோவ அவுங்க நம்புவாங்க? சரியா வர வரைக்கும் ஓட்டி ஓட்டிப் பாத்தோம்னு நெனைப்பாங்க. நம்ம பேரே கெட்டுப் போவும் மே." நியாயமாத் தான் பட்டுச்சு. வாய மூடிக்கினேன். என் வாயி மூடுறது சாதாரண விஷயம் இல்ல.

மறுநாளு மேடம் ஃபோன் பண்ணாங்க. "ஷோபா, உங்க லூப் தான் ஜெயிக்கும்னு நெனச்சேன். நீங்களே பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க, நான் என்ன சொல்ல? ரெடிமேடே போட்டுக்கறோம்"னாங்க. "சரிங்க மேடம்"னேன். வச்சிட்டு விநாயக்கக் கூப்ட்டு அழுதேன். "என்னால கட போச்சுடா, ஸாரிடா"ன்னேன். அது ரெண்டாவது. "அழுவாத மே, நான் இருக்கேன் இல்ல"ன்னான்.

நாலு நாள் போச்சு. விநாயக் வந்து தலையச் சொறிஞ்சிக்கினு நின்னான். "மே, கோச்சிக்காத. அந்த டீலர் கிட்ட எனக்கு சர்வீஸ் மேனேஜர் வேல கெடச்சிருக்குது. ஸ்டூடியோ ஆர்டர நான் தான் பாத்துக்கணுமாம். கட இப்படி ஆயிடுச்சு, நான் இன்னா பண்ணட்டும்?" எனக்கு அவன் மேல கோவமே வரல. பாவம், என் மறதியால இவனும் ஊர வுட்டுப் போறானேனு இருந்துச்சு. ஞாயித்துக்கிழம ஒரு சீப்பு வாழப்பழமும் அரைக் கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கினு அவன் வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா முன்னாலயே, "என்னிய மன்னிச்சிடுடா, உன் கடைய நான் தான் மூட வெச்சேன்"னேன். அது மூணாவது.

அவன் இன்னா சொன்னான் தெரியுமா? அந்த மைசூர்பாக ஒண்ணு வாயில போட்டுக்கினு, "நான் அப்பவே மன்னிச்சிட்டேன் மே. மனசுல ஒண்ணும் வெச்சிக்கல"ன்னான்.

நானும் பழைய ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். திங்கக்கிழம வந்து சேரச் சொன்னாங்க. மாசாந்திர பாஸ் எடுத்தேன். கடைக்கு ரெண்டு மூணு தடவ சாமான் கட்டப் போனேன், ஆனா அந்தப் பலகையப் பாக்கவே இல்ல. எங்க நைனாவுக்கு அவமானம் தேடி வெச்சிட்டேன், இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த டோக்கனத் தொடுறதுனு அங்கயே வுட்டுட்டேன்.

பன்னெண்டாவது நாளு. வீட்டுல ரெண்டு ட்ரம்மு காலி. மூணாவதுல அடியில கொஞ்சம். காலையில அம்மா குனிஞ்சு சொம்பால மொண்டுக்கினு இருந்துச்சு. டங்குனு ஒரு சத்தம்.

"இன்னாடி இது, அடியில இரும்பு கெடக்குது?"

"ஏதாவது நட்டு போல்ட்டு விழுந்திருக்கும்மா, வுடு."

அம்மா கைய வுட்டு எடுத்துச்சு. பாத்துச்சு. ஈரக் கையோட என் முன்னால நீட்டுச்சு.

ஆயிரத்து நூத்து எண்பத்தாறு.

சட்டப் பையில இருந்து விழுந்திருக்குது. ட்ரம்முக்குள்ள தலைய வுட்டு பைப்பச் சொருவுனேனே, அப்ப. பன்னெண்டு நாளா எங்க வீட்டுத் தண்ணிக்கு அடியில கெடந்திருக்குது. நான் எடுத்துக்கினு தான் வந்திருக்கேன். நான் மறக்கல.

வெரலால அதோட ஓட்டையத் தடவிப் பாத்தேன். இருபத்தேழு வருசம் ஆணியில மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டி, அது வட்டமா இருக்காது. மேல் பக்கம் தேஞ்சு நீளமா இருக்கும். சின்னப் புள்ளையில இருந்து தெரியும் எனக்கு, நைனா பக்கத்துல படுத்துக்கினு அத்தத் தான் நோண்டிக்கினு இருப்பேன். இது அதே தான். அப்ப கடையில தொங்குறது எது?

"இன்னாடி ஆச்சு, ஏன் இப்படி வெலவெலத்துப் போற?"னு அம்மா கேட்டுச்சு. "வந்து சொல்றேன்மா"ன்னு ஸ்கூட்டர எடுத்தேன்.

தெரு முனையில ஆர்தர் அண்ணன் வால்வ முறுக்கிக்கினு இருந்தாரு. "ஷோபா, எங்க போற? இன்னும் பத்து நிமிசத்துல தண்ணி வருது"ன்னாரு.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போன தடவ வியாழக்கிழம தண்ணி வுட்டீங்களே, அது திடீர்னு வுட்டதா?"

"இன்னா திடீர்னு? ஒரு வாரம் முன்னாலயே விநாயக்கு வந்து கேட்டுக்கினு போனானே. வியாழக்கிழம பதினொண்ணரைக்குனு தெளிவாச் சொன்னேனே. உங்கிட்ட சொல்லல?"

"சொன்னான்ணா"ன்னேன். வேற இன்னா சொல்றது.

மொத தடவையா தண்ணி வர நேரத்துல வீட்ட வுட்டு எதிர்ப்பக்கம் போனேன்.

கடையில விநாயக் பொட்டி கட்டிக்கினு இருந்தான். என்னியப் பாத்து சிரிச்சான். "வா மே, டேப்ப இப்படிப் புடி"ன்னான். நான் நேராப் பலகைக்குப் போனேன். டோக்கனக் கழட்டுனேன். கையில எடுத்த ஒடனே தெரிஞ்சுச்சு. ஓட்ட உருண்டையா, கூரா, புத்தம் புதுசா இருக்குது. ரெண்டையும் மேசையில அவன் முன்னால வெச்சேன். ஒரே நம்பர் ரெண்டு.

அவன் கையில டேப்பு அப்படியே நின்னு போச்சு.

"எது எங்க நைனாவோடதுனு சொல்லுடா பாக்கலாம்."

அவன் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தான்.

"பாலீஷ் போட எடுத்துக்கினு போனியே. அப்பவே அடிச்சியா இத்த?"

ஆமான்னு தலைய ஆட்டுனான்.

"பம்ப்பு?"

"முப்பது பர்சென்ட் வேகத்துல வெச்சேன்." டேப்பக் கீழ வெச்சான். "தண்ணி மெதுவா ஓடுச்சு. நீ வரதுக்குள்ள மறுபடி ஏத்திட்டேன். டீலர் சொன்னாரு மே, ரெடிமேட் ஜெயிச்சா வேல நிச்சயம்னு. எனக்கும் வயசாவுது. இந்த ஊர்ல இன்னா இருக்குது சொல்லு? எவ்ளோ நாளு பழைய கம்ப்யூட்டரத் தொடச்சிக்கினு..."

"போறேன்னு சொல்லியிருந்தா போடான்னு அனுப்பியிருப்பேனேடா! நானே வந்து வண்டி ஏத்தியிருப்பேனே!" கத்துனேன். பாத்திரக் கடையில சத்தம் அடங்குச்சு. "லூப்பத் தோக்கடிச்ச, சரி. கட போச்சு, சரி. வேல வேணும்னு பண்ண, அதையும் சரின்னு வெச்சிக்கறேன். எங்க நைனா நம்பர எப்படிடா வெட்டச் சொன்ன? எவன் கிட்டயோ குந்திக்கினு, ஒண்ணு ஒண்ணு எட்டு ஆறுன்னு எப்படிடா சொல்ல வந்துச்சு வாயி?"

அவன் அழுதான். நெஜமாத் தான் அழுதான். எனக்கு எரக்கமே வரல.

ரூபா மேடத்துக்கு அவன் எதிர்லயே ஃபோன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். மேடம் முழுசாக் கேட்டுக்கினாங்க. அப்பால, "ஷோபா, நேத்தே எல்லா யூனிட்டும் ஃபிட் பண்ணிட்டாங்களே. பேமென்ட்டும் போயிடுச்சு. நான் இப்ப என்ன பண்ண முடியும்?"னாங்க.

"ஆர்டர் கேக்கல மேடம். அந்தப் போட்டோல தொங்குற டோக்கன் என்னோடது இல்ல. அத்த மட்டும் தெரிஞ்சிக்கோங்க."

வெச்சிட்டேன்.

"ஸாரி மே"ன்னான் விநாயக்.

அந்த வார்த்தையக் கேட்டதும் தான் எனக்கு உள்ள இருந்து பொத்துக்கினு வந்துச்சு. கோவமே வரல, அழுக தான் வந்துச்சு. "நீ ஒரு தடவ கேட்டுட்ட. நான் மூணு தடவ கேட்டேன்டா. உங்கம்மா முன்னால நின்னு கேட்டேன். நீ மைசூர்பாகு தின்னுக்கினே மன்னிச்சேன்ன. நீ பண்ணதுக்கு நீ என்னிய மன்னிச்ச. அந்த மூணையும் திருப்பிக் குடுடா. இப்பக் குடு."

அவன் கிட்ட இல்ல. எங்க இருந்து குடுப்பான்?

புது டோக்கன எடுத்து அவன் சட்டப் பையில போட்டேன். எங்க நைனாவோடத என் கையில வெச்சிக்கினேன். பலகையில இப்ப அவனோடது ஒண்ணு தான் தொங்குச்சு, என் ஆணி காலி. அத்தப் பாத்தாலே அவனுக்குப் புரியும், நான் இனிமே உள்ள இல்லன்னு. அவன் கூட அந்த ஆணியத் தான் பாத்துக்கினு நின்னான்.

வீட்டுக்கு வரதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு. அம்மா தனியா இழுத்து ஒரு ட்ரம்மு தான் நெரப்பியிருந்துச்சு. மீதி ரெண்டும் காலி. திங்கக்கிழம நாலு மணிக்கு எழுந்துக்கணும்னு அலாரம் வெச்சேன்.